வெளிநாட்டில் ஃப்ரீலான்ஸ் வேலை: கோவொர்க்கிங் இடத்துக்கு மாதச் சந்தா கட்டலாமா?

நீலக்குடை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தொழில்நுட்பக் கையேடுகள் எழுதித் தரும் ஃப்ரீலான்ஸ் வேலையை 7 ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். என் மனைவிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததால் 4 மாதங்களுக்கு முன்பு குடும்பத்துடன் இங்கே வந்துவிட்டோம். என் வாடிக்கையாளர்கள் அனைவரும் வேறு நாடுகளில் இருப்பவர்கள். வீட்டில் இருப்பதோ ஒரே மேசை. பிள்ளை பள்ளியிலிருந்து வரும் நேரமும் வாடிக்கையாளர்கள் அழைக்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. அருகில் ஒரு கோவொர்க்கிங் இடம் (பலர் பகிர்ந்துகொள்ளும் வாடகை அலுவலகம்) இருக்கிறது. கிடைத்த இருக்கையில் அமர்ந்துகொள்ளும் மாதச் சந்தாவுக்கே என் வருமானத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போய்விடும். கூடுதலாகச் சிறு தொகை கட்டினால் அவர்களுடைய முகவரியையே என் தொழில் முகவரியாகப் பயன்படுத்தலாம் என்கிறார்கள். இவ்வளவு செலவு செய்வது தகுமா? அந்த முகவரியை நம்பி எடுக்கலாமா? இந்த ஊரில் பேச்சுத்துணைக்கு எனக்கு ஒருவரும் இல்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பகல்விளக்கு:

சந்தா கட்டுவதற்கு முன் ஒரே ஒரு நாளுக்கு மட்டும் பணம் கட்டிப் பாருங்கள். ஆனால் வேலை குறைவாக உள்ள நாளில் போகாதீர்கள். அழைப்புகள் மிகுந்த நாளாகப் பார்த்துப் போங்கள். மேசையும் நாற்காலியும் எங்கேயும் கிடைத்துவிடும், தட்டுப்பாடெல்லாம் தொலைபேசி அறைகளுக்குத்தான். நான் முதலில் சேர்ந்த இடத்தில் 40 பேருக்கு 3 அறைகள் இருந்தன. கண்ணாடிக் கதவை மூடினால் ஓர் ஆள் நிற்கும் அளவுதான். இருபதாவது நிமிடத்தில் காற்று கனத்துவிடும். அசைவை உணர்ந்து எரியும் விளக்கு என்பதால், நான் ஆடாமல் அசையாமல் வாடிக்கையாளர் சொல்வதைக் கவனிக்கும்போதெல்லாம் அணைந்துவிடும். பேச்சின் நடுவே இருட்டில் கையை வீசிக்கொண்டிருப்பேன். வெளியே ஒருவர் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு தம் முறைக்காகக் காத்து நிற்பார். இதையெல்லாம் சுற்றிக் காட்டும்போது சொல்ல மாட்டார்கள்.

உங்கள் வாடிக்கையாளர்கள் வேறு நேர மண்டலங்களில் இருந்தால், இரவில் உள்ளே நுழையலாமா என்றும், நுழைந்தால் குளிர்சாதனமோ வெப்பமூட்டியோ ஓடுமா என்றும் தனித்தனியாகக் கேளுங்கள். கதவு 24 மணி நேரமும் திறக்கும், ஆனால் மாலையோடு கட்டடத்தின் குளிர்சாதனத்தை நிறுத்திவிடுவார்கள் என்ற கதை புதிதல்ல. விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும், முன்பணம் எப்போது திரும்பும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே பார்த்துவிடுங்கள். நாட்டை விட்டுக் கிளம்பிய பிறகு முன்பணத்தைத் துரத்துவது பெரும்பாடு.

அஞ்சல்பெட்டி:

முகவரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதில் நான் சூடுபட்டவன்.

நீங்கள் வசிக்கும் முகவரி வேறு, தொழில் கடிதங்கள் வந்து சேரும் முகவரி வேறு. இரண்டாவதைக் கோவொர்க்கிங் இடம் தர முடியும். முதலாவதற்கு அது ஈடாகாது என்பதால், வங்கி பெரும்பாலும் வீட்டு முகவரியைத்தான் கேட்கும். தொழிலை அந்த முகவரியில் பதிவு செய்யலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். நான் அவ்வாறு பதிவு செய்த இடத்தில், வரி அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் வேறொருவரின் தபால் அறையில் 3 வாரங்கள் கிடந்தது. பதில் அனுப்ப வேண்டிய கெடுவோ கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு மாதம். வந்த கடிதத்தை அன்றைக்கே படமெடுத்து அனுப்புவார்களா என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த இடமே மூடப்படலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். கட்டடத்தை நீண்டகால வாடகைக்கு எடுத்து, குறுகியகால வாடகைக்கு விடுவதே இத்தொழிலில் பலரும் பின்பற்றும் முறை. இருக்கைகள் காலியானாலும் கட்டட வாடகை குறையாது. வீவொர்க் போன்ற பெரிய கோவொர்க்கிங் நிறுவனமே 2023 நவம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கோரி மனுச் செய்தது. இடம் மூடினால் நீங்கள் அடுத்த மேசைக்கு மாறிவிடுவீர்கள். விலைப்பட்டியலிலும் பதிவேட்டிலும் உள்ள முகவரி தானாக மாறாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: சந்தா என்பது அந்நாட்டில் தொழில் செய்வதற்கான அனுமதி அல்ல. எஸ்டோனியா 2014-இல் தொடங்கிய இ-ரெசிடென்சி கூட, நிறுவனம் நடத்த உதவும் மின்னணு அடையாளம்தானே தவிர, அங்கே வசிக்கும் உரிமையைத் தருவதில்லை. வரிக்குரிய வசிப்பிடத்தையும் அது தீர்மானிப்பதில்லை. அரசு தரும் அட்டைக்கே எல்லை அவ்வளவுதான் என்றால், தனியார் மேசைக்கு என்ன இருக்கிறது? வரியைப் பொறுத்தவரை, ஆண்டில் 183 நாள் தங்கினால் வரிக்கு அந்நாட்டில் வசிப்பவராகிவிடுவீர்கள் என்ற கணக்கைப் பலரும் சொல்வார்கள். பல நாடுகளில் அது உண்மையும்கூட. ஆனால் இரு நாடுகளும் உங்களைத் தம்மவர் என்று கோரினால், ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு வகுத்த மாதிரி வரி உடன்படிக்கையைத் தழுவிய ஒப்பந்தங்கள் முதலில் பார்ப்பது நிலையான வீடு எங்கே உள்ளது என்பதையும், குடும்பமும் பொருளாதார உறவுகளும் எங்கே நெருக்கமாக உள்ளன என்பதையும்தான். வாடிக்கையாளர்கள் வெளியே இருந்தாலும் வேலை நடப்பது உங்கள் மேசையில் என்பதை மறக்க வேண்டாம். துணைவருக்கான விசாவில் வந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அனுமதி அட்டையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்த்தீர்களா?

மூன்றாம்மாடி:

பேச்சுத்துணை பற்றி யாரும் எழுதவில்லையே. மென்பொருள் நிரலாளர் பிராட் நியூபெர்க் 2005-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய முதல் கோவொர்க்கிங் இடத்தின் நோக்கமே அதுதான்: தனியாக வேலை செய்பவரின் சுதந்திரமும் வேண்டும், அலுவலகத்தின் கூட்டுறவும் வேண்டும். அது வாரத்துக்கு இரண்டே நாள் இயங்கியது. முதல் மாதம் ஒருவருமே வரவில்லையாம். கூடத்தைத் திறந்து வைத்தால் மட்டும் கூட்டம் சேர்ந்துவிடாது என்பது அன்றைக்கே தெரிந்த கதை.

என் அனுபவமும் அப்படித்தான். வரவேற்பு நிகழ்ச்சிகளில் வாங்கிய அட்டைகள் இழுப்பறையில் கிடக்கின்றன. ஆனால் ஒரே நாள்களில், ஒரே மூலையில், 5 மாதங்கள் தொடர்ந்து உட்கார்ந்த பிறகு, பக்கத்து மேசைப் பெண்மணி ஒருநாள் என் கையிலிருந்த அரசுக் கடிதத்தைக் கண்டு, "இதற்குப் பயப்பட வேண்டாம், இது எல்லாருக்கும் வருவது" என்று சொல்லிவிட்டு, எந்தக் கட்டத்தில் கையெழுத்திட வேண்டும் என்று பேனாவால் தொட்டுக் காட்டினார். மொழி புரியாத ஊரில் அந்த ஒரு நிமிடம் எனக்கு மூன்று மாதச் சந்தாவுக்குச் சமம். ஆகவே கூட்டம் குறைவான இடமாக, வந்தவர்களே மீண்டும் வரும் இடமாகத் தேடுங்கள்.

பகல்விளக்கு:

ஒன்றை விட்டுவிட்டேன். வாடிக்கையாளர்களுடன் ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டிருந்தால், பொது வலையமைப்பில் வேலை செய்ய அது இடம் தருகிறதா என்று படித்துப் பாருங்கள். பொது அச்சுப்பொறியையும் தவிருங்கள். முன்பின் அறியாத ஒருவரின் சம்பளச் சீட்டு என் தாள்களோடு சேர்ந்து வந்ததுண்டு.

நீலக்குடை:

அனைவருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை எனக்கு 4 அழைப்புகள் இருப்பதால் அன்றைக்கே ஒருநாள் கட்டணத்தில் போய்ப் பார்க்க எண்ணியிருந்தேன். அஞ்சல்பெட்டி கேட்ட பிறகு அட்டையை எடுத்துப் பார்த்தேன். "சம்பள வேலைக்கு அனுமதி உண்டு" என்று இருக்கிறது. சுயதொழிலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதற்கு என்ன பொருள்?

அஞ்சல்பெட்டி:

நாட்டைப் பொறுத்து, சுயதொழிலுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கலாம் என்று பொருள். அந்த முகவரி ஒப்பந்தத்தில் இப்போது கையெழுத்திடாதீர்கள். குடிவரவு வழக்கறிஞர் ஒருவரை முதலில் பாருங்கள். இந்த 4 மாதங்களில் அனுப்பிய விலைப்பட்டியல்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.