எரிபொருள் ஊக்கி வேண்டாம், படிவுநீக்கி என்போம்

வணக்கம் நண்பர்களே,

நாம் தொகுக்கும் வாகனக் கலைச்சொல் பட்டியலுக்காக, இன்ஜின் அழுக்கை நீக்கப் பெட்ரோல் டேங்கில் ஊற்றும் அந்தச் சின்ன பாட்டிலுக்கு ‘எரிபொருள் ஊக்கி’ என்று கொடைக்கானல் நண்பர் சொன்னதை இரண்டு பேர் ஆமோதித்திருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊக்கி என்றதும் பள்ளியில் படித்த வினையூக்கிதான் நினைவுக்கு வரும், இது அந்த வகைப் பொருளே இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், இந்தப் பெயரைக் கேட்டதும் இழுவை கூடும், மைலேஜ் கூடும் என்று வாங்குகிறவர் நம்பிவிடுவார். மேட்டுப்பாளையம் பங்க்கில் “மலையேறுறீங்க, இத ஊத்திக்கிட்டா வண்டி நல்லா இழுக்குமுங்ணா” என்று விற்கிறவர் சொல்வதை நாமே கலைச்சொல் பட்டியலில் ஏற்றி வைத்த மாதிரி ஆகிவிடும்.

பாட்டிலுக்குள் இருப்பதில் பெரும்பகுதி பெட்ரோலிய வகைக் கரைப்பான், அதோடு கொஞ்சம் சலவைப்பொருள். நல்ல சரக்கில் பாலியீதர் அமீன் என்ற சலவைப்பொருள் இருக்கும். அதன் மூலக்கூறின் ஒரு முனை கரியையும் பிசினையும் பிடித்துக்கொள்ளும், மறுமுனை பெட்ரோலோடு கலந்து நிற்கும், இப்படி ஒட்டியிருக்கும் படிவு கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்ந்து சிலிண்டருக்குள் போய் எரிந்துவிடும். அவ்வளவுதான் வேலை. படிவே இல்லாத இன்ஜினில் நீக்குவதற்கு என்ன இருக்கிறது? அழுக்கால் இழந்த மைலேஜை மீட்டுத் தரலாம், புதிதாக எதையும் கொடுக்காது.

நம் நீலகிரி மலைப்பாதையில் இதைக் கவனிக்கக் காரணம் உண்டு. பர்லியாறு தாண்டிக் குன்னூர் வரை இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் ஏறி வந்து, டீக்கடையைக் கண்டதும் ஓரங்கட்டி உடனே அணைத்துவிடுகிறோம். ஓடும்போது பாயும் பெட்ரோலே, அதைத் தூவும் இன்ஜெக்டரைக் குளிரவைத்துக்கொண்டிருக்கும், அணைத்ததும் அது நின்றுவிட, இன்ஜின் சூடு நுனியில் தங்கிய துளியை வற்றவைக்கும். இலேசான பகுதி ஆவியாகிப் போகும், கனமான பகுதி பிசினாகி ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் 1980களில், காற்று நுழையும் உள்வால்வுக்கு முன்னால் பெட்ரோலைத் தூவும் போர்ட் இன்ஜெக்‌ஷன் கார்கள் பெருகியபோது இன்ஜெக்டர் அடைக்கிறது என்று புகார்கள் கிளம்பியதற்கும் இந்தச் சூடு ஒரு முக்கியக் காரணம். 1995 முதல் அங்கே பெட்ரோலிலேயே படிவைக் கட்டுப்படுத்தும் பொருளைக் கலப்பது கட்டாயமானது.

கோத்தகிரிப் பட்டறை ஒன்றில் இன்ஜெக்டர்கள் நான்கையும் கழற்றிக் கண்ணாடிக் குழாய்களின் மேல் மாட்டி ஓட்டிக் காட்டினார்கள். மூன்றில் பெட்ரோல் புகையாக விரிந்து இறங்கியது, நான்காவதில் நூல் மாதிரி ஒரே கம்பியாக ஒழுகியது, அந்தக் குழாயில் மட்டமும் ஒரு விரற்கடை குறைவு. “இவ்வளவு அடைச்சப்புறம் பாட்டில் ஊத்தித் தீராதுங்க, அல்ட்ராசோனிக்ல போட்டாத்தான்” என்றார் மெக்கானிக், நுண்ணொலி அதிர்வில் கழுவுவதைத்தான் அப்படிச் சொன்னார். அவர் சொன்னது சரி. பாட்டில், படிவு இன்னும் இளசாக இருக்கும்போதுதான் உதவும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போர்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் உள்வால்வின் முதுகில் பட்டுத்தான் உள்ளே போகிறது, ஆகவே வால்வுக் கரியும் கழுவப்படும். சிலிண்டருக்குள்ளேயே தூவும் நேரடி இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் அந்த வால்வைத் தொடுவதே இல்லை, டேங்கில் எவ்வளவு ஊற்றினாலும் அங்கே இருக்கும் கரி அசையாது, இன்ஜெக்டர் நுனி மட்டும்தான் சுத்தமாகும். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அப்புறம், பாட்டில் ஊற்றிய பிறகு மைலேஜ் கூடியது என்று எழுதிய தோழருக்கு: ஊட்டியிலிருந்து இறங்கும்போது கியரில் வைத்துக் காலை எடுத்தால் பெரும்பாலான வண்டிகளில் கணினியே பெட்ரோலை நிறுத்திவிடுகிறது. ஏற்றத்தில் குடிப்பதும் இறக்கத்தில் மிச்சமாவதும் அவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது ஒரு டேங்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு என் கருத்து இதுதான். கொஞ்சம் வயதான போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டி, ஐடிலில் நடுங்குகிறது, ஏற்றத்தில் திணறுகிறது, பிளக்கும் ஏர் ஃபில்டரும் சரியாக இருக்கின்றன என்றால், பாலியீதர் அமீன் உள்ள பாட்டில் ஒன்றை லேபிளில் சொன்ன அளவில் ஊற்றிப் பாருங்கள். நன்றாக ஓடும் வண்டிக்கு மாதாமாதம் ஊற்றுவது வீண் செலவு. பிஎஸ்6 (இந்தியப் புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டியில் உலோகம் கலந்த சரக்கு கூடவே கூடாது, அதன் சாம்பல் புகைக்குழாய் வடிகட்டியில் தங்கிவிடும், எரித்தாலும் போகாது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். எரிபொருளில் சேர்க்கும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘சேர்பொருள்’ போதும். சேர்மம் வேதியியலில் வேறு பொருளில் வழங்குகிறது, சேர்க்கை என்றால் கல்லூரி அட்மிஷன் ஆகிவிடும். ஏற்கெனவே ஒட்டியதை எடுப்பது ‘படிவுநீக்கி’, புதிதாக ஒட்டாமல் பார்த்துக்கொள்வது ‘படிவுத்தடுப்பி’. பெரும்பாலும் ஒரே பொருள்தான் இரண்டையும் செய்கிறது, அதிக அளவில் நீக்கும், குறைந்த அளவில் தடுக்கும், ஆனாலும் இரண்டு சொல்லும் தேவை. படிவகற்றி என்று ஒரு நண்பர் எழுதியது சந்திப்படி சரிதான், ஆனால் விண்ணப்பப் படிவத்தை அகற்றுவது போலப் படிக்க இடமிருப்பதால் நான் நீக்கியின் பக்கம்.

டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்ளும் என்று காட்டும் சீட்டேன் எண்ணைக் கூட்டும் சேர்பொருளுக்கு இப்போதைக்கு ‘சீட்டேன் உயர்த்தி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அது டீசலைச் சீக்கிரம் பற்றிக்கொள்ளவே செய்கிறது என்பதால், அதற்கு மட்டும் ‘பற்றலூக்கி’ பொருந்துமா என்று ஒரு யோசனை. பட்டியலை முடிக்கும் முன் வேதியியல் தெரிந்தவர்கள் பதில் போடுங்கள்.