பதில்: நுழைவு வளைவு நிதி – என் பங்கு வளைவுக்கு இல்லை

எல்லாருக்கும் வணக்கம்.

அக்கா காலமாகி நாற்பது நாள் ஆகிறது. அவள் பெயரில் ஊருக்கு நுழைவு வளைவு கட்டுவது பற்றி வந்த பதினோரு மடலையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் பங்கு 25,000 ரூபாய் தயாராக இருக்கிறது. ஆனால் வளைவுக்குத் தர மனம் வரவில்லை.

கீழத்தெரு சித்தப்பா, கோபப்படாதீர்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் கட்டிவிட்டார்கள் என்ற உங்கள் வருத்தம் புரிகிறது. அக்கா பெயரைக் கல்லில் பார்க்க எனக்கும் ஆசைதான். போன மாதம் ஊரில் பார்த்ததைச் சொல்கிறேன், அப்புறம் முடிவு பண்ணுங்கள்.

தபால்கார மாமாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். நான் போனபோது மல்லாக்கப் படுத்திருந்தவர் வாயில் மருமகள் டம்ளரால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மடக்குக்கு மடக்கு இருமல், கண்ணெல்லாம் நீர். "வயசானா புரையேறத்தானே செய்யும்" என்றாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நிமோனியா (நுரையீரல் தொற்று) என்று இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது விழுங்குவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையாம்.

என் அப்பா இருந்ததும் அதே நிலையில்தான். அந்த மார்கழியில் அமெரிக்காவில் எடிசனிலிருந்து வந்த அக்கா பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. அப்பாவுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்தாள். ஒரு ஸ்பூன் கொடுத்துவிட்டு அவர் குரல்வளை மேல் இரண்டு விரலை வைத்து, அது மேலேறி இறங்குகிறதா என்று பார்த்தாள். விழுங்கியதும் 'ஆ' சொல்லச் சொல்லி, குரலில் களகளவென்று ஈரம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தாள். தண்ணீரும் ரசமும் தொண்டையில் மூச்சுக்குழாய் மூடுவதற்குள் உள்ளே ஓடிவிடும், அதனால் கொஞ்சம் கெட்டியாகக் கொடு என்றாள். எவ்வளவு கெட்டி என்று அம்மா கேட்டார். ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சில் கேழ்வரகுக் கஞ்சியை நிரப்பி, அடியை விரலால் அடைத்து, விரலை எடுத்துவிட்டுப் பத்து வினாடி எண்ணினாள். மிச்சம் 4 மி.லி.க்கும் 8 மி.லி.க்கும் நடுவில் நின்றால் அப்பாவுக்குச் சரியான பதம், அடுத்தவருக்கு வேறாக இருக்கும், பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றாள். சாப்பிட்டு அரைமணி நேரம் படுக்கக் கூடாது, வாயைத் தினமும் சுத்தம் பண்ண வேண்டும். இவ்வளவுதான். அதற்குப் பிறகு அப்பா மூன்று வருஷம் இருந்தார். அந்த சிரிஞ்சு இன்னும் அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் இருக்கிறது.

அக்காவின் வேலை ஸ்பீச் தெரபி, அதாவது பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி. அது திக்குவாய்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்தில் படிக்க அவள் கிளம்பியபோது, பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அதில் இரண்டு பேர் இன்றைக்கு வளைவுக் கமிட்டியில் இருக்கிறார்கள். சரி, விடுங்கள்.

எடிசனில் அவள் வேலை பார்த்த முதியோர் இல்லத்துக்கு ஒரு நாள் நானும் போனேன். பக்கவாதத்தில் பேச்சுப் போன ஒரு குஜராத்திப் பாட்டி. தண்ணீர் என்று சொல்ல வராது, பஜனை மட்டும் அடி பிசகாமல் வரும். பேச்சு பெரும்பாலும் மூளையின் இடது பக்கத்தை நம்பியிருக்கிறது, அங்கே அடிபட்டாலும் பாட்டு பல பேருக்கு மிஞ்சும் என்றாள். பாட்டியின் இடது கையைப் பிடித்துத் தாளம் தட்டி, "பானி" என்பதை ராகமாக இழுத்தாள். பாட்டி வாய் திறக்கும் வரை காத்திருந்தாள். நான் பொறுக்காமல் சொல்லிக்கொடுக்கப் போனேன், தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

அவள் பையனுக்குச் சின்ன வயதில் திக்கும். ஒரு நாள்கூட அவன் வார்த்தையை அவள் முடித்துவைத்ததில்லை. "ப... ப..." என்று அவன் நின்றால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். தோசை கருகும், பார்க்க மாட்டாள். காரியத்தன்று அவன்தான் எழுந்து பேசினான். நடுவில் இரண்டு இடத்தில் நின்றது. கூடம் முழுக்க அமைதியாகக் காத்திருந்தது.

துபாய் அத்தான் கணக்குக் கேட்பார், அதையும் எழுதிவிடுகிறேன். வளைவுக்கு மதிப்பு 4 லட்சம். அதற்குப் பதில், கும்பகோணத்திலிருந்து ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் மாதம் இரண்டு முறை ஊருக்கு வந்து படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்க ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒரு வருகைக்கு 3,500, வண்டிக்கு 600. வருஷத்துக்கு 24 வருகை, 98,400 ரூபாய். அதே பணத்தில் நான்கு வருஷம் ஓடும். குளத்து வேலிப் பணம் போல கணக்கில்லாமல் ஆகிவிடக் கூடாது என்பதில் அத்தான் பக்கம்தான் நான். ரசீது மாதாமாதம் இந்தக் குழுவுக்கே வரட்டும்.

நம் ஊரில் இப்போது படுக்கையில் இருப்பவர்கள், எனக்குத் தெரிந்து ஆறு பேர். உங்கள் தெருவில் வேறு யாராவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். தபால்கார மாமா வீட்டுக்கு முதலில் போகச் சொல்லியிருக்கிறேன், அந்த முதல் வருகைக்கு நானே பணம் அனுப்பிவிட்டேன்.

மேலத்தெரு கடைசி வீடு,
சிங்கப்பூர்