ஃப்ளைபால் ஓடும் நம் சென்னை நாய்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முத்து வீடு, வேளச்சேரி

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாக எங்கள் முத்துவை ஃப்ளைபாலுக்குப் பழக்கி வருகிறேன். பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு டர்ஃப் மைதானத்தை ஞாயிறு காலையில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, ஆறு குடும்பங்கள் சேர்ந்து நாய்களை ஓடவிடுகிறோம். புதிதாக வருகிறவர்கள் நான் செய்த அதே தவறைச் செய்வதைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம். அணிக்கு நான்கு நாய்கள், ரிலே ஓட்டம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு லேன், இரண்டு அணிகள் ஒரே நேரத்தில் ஓடும். தொடக்கக் கோட்டிலிருந்து பாக்ஸ், அதாவது பந்துப் பெட்டி, வரை 51 அடி. 6 அடியில் முதல் ஜம்ப் (தாண்ட வேண்டிய குட்டைத் தடை), அப்புறம் பத்துப் பத்து அடிக்கு ஒன்றாக மூன்று, கடைசி ஜம்ப்பிலிருந்து பாக்ஸுக்கு 15 அடி. நாய் நான்கையும் தாண்டிப் போய்ப் பாக்ஸின் சரிந்த முகப்பை மிதித்தால் உள்ளேயிருந்து பந்து தெறிக்கும். அதைக் கவ்விக்கொண்டு அதே நான்கு ஜம்ப்பையும் தாண்டித் திரும்ப வேண்டும். அது கோட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த நாய் கோட்டைத் தாண்டலாம். கலிபோர்னியாவில் பிறந்த விளையாட்டு இது. உலகின் முதல்தர அணிகள் நான்கு நாய்களையும் சேர்த்து 15 விநாடிக்குள் முடித்துவிடுகின்றன. ஒரு நாய்க்கு நான்கு விநாடிகூட வரவில்லை, பாருங்கள்.

முத்து நாட்டு நாய். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயலில் எங்கள் தெரு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றபோது, மாடிப்படியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த குட்டி. ஒரு வயது ஆகும்போது பந்து என்றால் உயிரை விடுவான். மொட்டை மாடியில் எத்தனை முறை எறிந்தாலும் ஓடுவான். இவன் ஃப்ளைபாலுக்காகவே பிறந்தவன் என்று நினைத்தேன். பந்திலிருந்தே தொடங்கினேன்.

நான்கு மாதம் வீண். பந்தைக் கவ்வும் வரைக்கும் மின்னல்தான். கவ்விய பிறகு மைதானத்தைச் சுற்றி ஒரு வலம், கம்பி வேலி ஓரமாகப் போய்ப் படுத்து பந்தை மெல்லுவான். நான் கத்தக் கத்த இன்னும் தள்ளிப் போவான். அவனைப் பொறுத்தவரை பந்து கையில் கிடைத்ததும் ஆட்டம் முடிந்துவிட்டது. என்னிடம் வருவதற்கு அவனுக்கு ஒரு காரணமும் நான் கொடுத்திருக்கவில்லை.

அப்புறம்தான் தலைகீழாக ஆரம்பித்தோம். வெளிநாட்டில் அனுபவப்பட்ட பயிற்சியாளர்கள் பலரும் செய்கிற முறை இதுதான்: கடைசியில் நடக்க வேண்டியதை முதலில் கற்றுக்கொடுப்பது. என் கணவர் முத்துவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார். நான் அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடுவேன். அவன் திமிறும்போது விடுவார். அவன் என்னை எட்டிப் பிடிக்கும்போது கையில் இழுபறிக் கயிறு இருக்கும். பழைய காட்டன் வேட்டியைக் கிழித்து மூன்று பிரியாகப் பின்னிய கயிறு அது. கடையில் வாங்கிய எதைவிடவும் அவனுக்கு அதுதான் பிடித்தது. ஒரு நிமிடம் இழுத்து விளையாடுவோம், அவ்வளவுதான். பந்து கண்ணிலேயே படாது.

ஒரு மாதம் கழித்து நடுவில் ஒரு ஜம்ப். அப்புறம் இரண்டு, நான்கு. அதற்கும் பிறகு தரையில் அசையாத ஒரு பந்து. அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வர வேண்டும். கயிறைப் பார்த்ததும் பந்தைத் தானே போட்டுவிட்டு வாயைத் திறந்துகொண்டு வந்தான். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாக்ஸ் இவ்வளவுக்கும் பிறகு, கடைசியாகத்தான் வந்தது.

பாக்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருத் தச்சரிடம் படம் காட்டி, ப்ளைவுட்டில் செய்து வாங்கினோம். ஸ்பிரிங் விடுபடும்போது பட்டாசு மாதிரி ஒரு சத்தம். தீபாவளி என்றாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிற பிள்ளை, பாக்ஸ் பக்கமே வரமாட்டேன் என்று விட்டான். பலகை மோதும் இடங்களில் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினோம், முகப்பு முழுக்க ரப்பர் மேட் போட்டோம். ஒருவர் நாற்பது அடி தள்ளி நின்று பாக்ஸைத் தட்டுவார், நான் இங்கே கோழித் துண்டு கொடுப்பேன். தினம் ஓர் அடி, இரண்டடி கிட்டே வந்தோம். மூன்று வாரம் ஆனது. சத்தம் கேட்டால் கோழி என்று அவன் மனதில் பதிந்த பிறகு தானாகவே போய் மிதித்தான். அவசரப்பட்டு இழுத்துக்கொண்டு போயிருந்தால் அந்தப் பயம் அவனை விட்டுப் போயிருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

சிப்பிப்பாறை மாமா, ஆதம்பாக்கம்

நல்ல காரியம் செய்தீர்கள் அம்மா. எங்கள் வேலு சிப்பிப்பாறைக் கலப்பு. ஓட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், முயல் வேட்டைக்கென்று வளர்த்த இரத்தம். ஆனால் உங்கள் முத்துவுக்கு நேர் எதிர். பந்தை மோந்துகூடப் பார்க்க மாட்டான். ஓடுகிற பொருள்தான் அவனுக்குப் பொருள். பந்துக்கு ஒரு துணி உறை தைத்து, கயிற்றில் கட்டித் தரையில் இழுத்து, அதைத் துரத்த வைத்துத்தான் வாயில் எடுக்கவே பழக்கினேன்.

என்னுடைய தவறு வேறு. வேகத்தைப் பார்த்து மயங்கி, திருப்பத்தைக் கற்றுக்கொடுக்காமலேயே பாக்ஸில் ஓடவிட்டேன். நேராகப் போய் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, முட்டி நின்று, பந்தை எடுத்துவிட்டுத் திரும்புவான். பார்க்க வீரமாக இருக்கும். மொத்த வேகமும் மணிக்கட்டிலும் தோளிலும் இறங்குகிறது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் வலது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு ஆறு வாரம் ஓட்டமே கூடாது என்றார். அந்த ஆறு வாரமும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குளத்தில் நீந்துகிறவர்கள் சுவரை எட்டியதும் உடம்பைச் சுருட்டி, காலால் உதைத்துத் திரும்புவார்களே, நாயும் அப்படித்தான் திரும்ப வேண்டும். பக்கவாட்டில் ஏறி, நான்கு காலும் பலகையில் பட்டு, உதைத்துக் கிளம்ப வேண்டும். போகிற போக்கில்தான் பந்து வாய்க்குள் போகும். இப்போது பந்தே இல்லாமல், சுவரில் சாய்த்த ரப்பர் பலகையில் அதை மட்டும் பழக்குகிறேன். பலகைக்கு முன்னால் ஒரு சின்ன ஜம்ப் வைத்துவிட்டால் நாய் எகிறித்தான் ஏற வேண்டும், முட்ட முடியாது. இடது பக்கம் திரும்புகிற நாயா, வலதா என்று முன்கூட்டியே கவனியுங்கள். நம்மில் இடதுகைக்காரர்கள் இருப்பது மாதிரிதான் அதுவும். வேலு இடது. அவன் ஓடும்போது பந்தை அதற்கேற்ற பக்கத்துத் துளையில் வைக்கச் சொல்கிறேன்.

குட்டிகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எலும்பு முற்றும் முன் பாக்ஸில் ஏற்றாதீர்கள். வட அமெரிக்க ஃப்ளைபால் சங்கத்தின் போட்டிகளில் ஒரு வயது ஆகாத நாயைச் சேர்க்கவே மாட்டார்கள். கூப்பிட்டால் வருவது, கயிறு இழுப்பது, இவற்றைக் குட்டியிலேயே தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம்.

லட்டுவின் அக்கா, பெருங்குடி

எங்கள் லட்டு பீகிள். அணியிலேயே மெதுவாக ஓடுகிறவன் அவன்தான், ஆனாலும் அவன் இல்லாமல் மற்ற மூவரும் வேகமாக ஓட முடியாது! ஜம்ப்பின் உயரத்தை அணியிலேயே குள்ளமான நாயை அளந்துதான் வைப்பார்கள். அந்த வட அமெரிக்க விதிப்படி 7 அங்குலத்துக்குக் கீழே போகாது, 14-க்கு மேலேயும் போகாது. லட்டு இருப்பதால் வேலு மாதிரி நெட்டைக்கால்காரர்கள் குதிக்கவே தேவையில்லாமல் ஓடியே கடந்துவிடுகிறார்கள். குள்ள நாய் வைத்திருப்பவர்கள் தயங்கவே தயங்காதீர்கள், உங்களைத்தான் எல்லா அணியும் தேடும்.

அவனுக்கு மூக்குதான் எதிரி. டர்ஃபில் முந்தின நாள் ராத்திரி யாராவது பரோட்டா சாப்பிட்டிருந்தால் போச்சு, மூன்றாவது ஜம்ப்பில் நின்றுவிடுவான். அதனால் நாங்கள் ஐந்தரைக்கே போய் லேன் முழுக்கக் கூட்டிவிடுகிறோம்.

ரோஸி அப்பா, போரூர்

எல்லோரும் பயிற்சியைப் பற்றிச் சொல்கிறீர்கள். நான் வெயிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

போன ஏப்ரல். கத்திரிகூடத் தொடங்கவில்லை. காலை எட்டரை மணி, நமக்கு அப்படி ஒன்றும் சூடாகத் தெரியவில்லை. ரோஸி லாப்ரடார், நிறுத்து என்று நாம் சொல்லாவிட்டால் அவளாக நிறுத்த மாட்டாள். ஐந்தாவது சுற்று முடிந்து வந்தவள் கயிறைப் பிடிக்கவில்லை. நாக்கு அகலமாகத் தொங்குகிறது, ஈறு செங்கல் நிறத்தில் இருக்கிறது, நடையில் தள்ளாட்டம். நல்லவேளை, வேளச்சேரி அக்கா பக்கத்தில் இருந்தார்கள். நிழலுக்குத் தூக்கிப் போய், குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதத்திலும் விடாமல் ஊற்றினோம், ஒருவர் அட்டையால் விசிறினார். ஊற்றிக்கொண்டே காருக்கு ஏற்றி, ஏசியை முழுதாக வைத்து டாக்டரிடம் ஓடினோம். அங்கே போய்ப் பார்க்கும்போதும் 105 டிகிரி. நாய்க்குச் சாதாரணமாக 101, 102 இருக்கும். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றி மீட்டார்கள்.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். நம் கடற்கரை ஊரின் புழுக்கத்தில் அதுவும் சரியாக நடக்காது. பிளாஸ்டிக் புல் வேறு அடுப்பு மாதிரி ஏறும். புறங்கையை ஏழு விநாடி புல்லில் வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அவர்களாலும் முடியாது. நாங்கள் இப்போது மார்ச் முதல் செப்டம்பர் வரை ஏழு மணிக்கு மேல் ஒரு நாயையும் விடுவதில்லை. ஒரு நாய்க்கு நான்கு சுற்று, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்து நிமிடம். இதில் யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. மார்கழிதான் நம் சீசன்.

முத்து வீடு, வேளச்சேரி

ரோஸி அப்பா சொன்னதை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள். அந்தக் காலைப்பொழுதை நினைத்தால் எனக்கு இன்னும் கை நடுங்குகிறது.

போன பொங்கல் விடுமுறையில் எங்கள் ஆறு குடும்பமும் அண்ணா நகர்ப் பக்கத்து நண்பர்களும் சேர்ந்து முதன்முறையாக இரண்டு லேன் போட்டு ஓடினோம். அதில் கற்றது கைமாற்றம். முந்தின நாயின் மூக்கும் அடுத்த நாயின் மூக்கும் ஒரே நொடியில் கோட்டில் சந்திக்க வேண்டும். ஒரு முழம் முன்னால் போனால் அந்த நாய் கடைசியில் மறுபடி ஓட வேண்டும், தாமதித்தால் நேரம் போகும். முத்துவைக் கோட்டுக்கு முப்பது அடி பின்னால் வைத்து, திரும்பி வரும் லட்டு இரண்டாவது ஜம்ப்பைத் தாண்டும்போது விட வேண்டும். கேட்க எளிது, விடுகிற கைக்குத்தான் தெரியும் அந்தப் படபடப்பு. இரண்டு நாய்கள் முழு வேகத்தில் எதிரெதிரே உரசிக்கொண்டு கடக்கின்றன. ஒன்றை ஒன்று நம்பாத நாய்களால் அது முடியாது. அதனால்தான் ஒரு மாதம் முன்பிருந்தே நான்கு பேரையும் எலியட்ஸ் கடற்கரையில் சேர்த்து நடக்க வைத்தோம்.

முதல் சுற்றில் நான் சீக்கிரம் விட்டுவிட்டேன். முத்து மறுபடி ஓடினான், தோற்றோம். இரண்டாவதில் வேலு பக்கத்து லேன் நாயைப் பார்த்து அந்தப் பக்கம் தாண்டிப் போய்விட்டான். பாவம், மாமா முகம் வாடிவிட்டது. மூன்றாவதில் லட்டு, முத்து, ரோஸி, வேலு, நால்வரும் சுத்தமாக ஓடினார்கள். எங்கள் ஸ்டாப்வாட்சில் 29 விநாடி சொச்சம். மாமா சொன்ன வட அமெரிக்கச் சங்கத்தில் 24 விநாடிக்குள் ஓடினால் ஒவ்வொரு நாய்க்கும் 25 புள்ளி, 28-க்குள் 5, 32-க்குள் 1. அந்தக் கணக்கில் எங்களுக்கு ஒரே ஒரு புள்ளிதான். ஆனால் கடைசி ஜம்ப்பைத் தாண்டி வேலு பந்தோடு நேராக மாமாவை நோக்கி வந்தானே, பந்தையே தொடாத பிள்ளை, அதைப் பார்த்து எதிரணிக்காரர்களும் கைதட்டினார்கள்.

புதியவள், மேடவாக்கம்

அக்கா, என் நாட்டு நாய்க்கு நான்கு வயது. பந்தும் தெரியாது, கயிறும் தெரியாது. இனிமேல் பழக்க முடியுமா?

முத்து வீடு, வேளச்சேரி

தாராளமாக முடியும்மா. முதலில் டாக்டரிடம் காட்டி மூட்டு, இதயம் இரண்டும் சரியா என்று கேட்டுக்கொள். இந்த ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு வா. முதல் நாள் பாக்ஸும் பந்தும் எடுக்கவே மாட்டோம். மாமா அவளைப் பிடித்துக்கொள்வார், நீ கூப்பிட்டுக்கொண்டே ஓட வேண்டும். ஓடுவதற்கு வசதியான செருப்பும், அவளுக்கு மிகவும் பிடித்த தீனியும் கொண்டு வா. தண்ணீர் நாங்கள் வைத்திருப்போம்.