பார்க்கைக் குடியிருக்கிறவங்களே வாங்கி நடத்துறது சரிப்படுமா?

வெண்பனி:
அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் இருக்கிறேன். பக்கத்து ஊரில் ஐம்பது வீடு உள்ள ஒரு மொபைல் ஹோம் பார்க் விலைக்கு வருகிறது. உரிமையாளருக்கு வயதாகிவிட்டது, வெளிமாநிலக் கம்பெனி ஒன்று விலை பேசி முடித்திருக்கிறது. இங்கே சட்டப்படி விற்கும் முன் குடியிருப்போருக்கு 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். அதற்குள் அவர்கள் சேர்ந்து ஒரு விலை சொன்னால், உரிமையாளர் அதை மதித்துப் பேசியாக வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் பெண் அந்த பார்க்கில்தான் இருக்கிறாள். "நீ கணக்குப் படித்தவள்தானே, இது தேறுமா என்று பார்த்துச் சொல்" என்று காகிதக்கட்டைக் கொடுத்துவிட்டாள்.

தெரியாதவர்களுக்கு: தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து இறக்கும் வீடு குடியிருப்போருடையது, வீடு நிற்கும் மனை இன்னொருவருடையது. மனைக்கு மாத வாடகை. பெயர்தான் மொபைல், ஒருமுறை இறக்கி வைத்தபின் நகர்த்த ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். 1976இல் மத்திய அரசின் கட்டுமான விதி வருவதற்கு முன் செய்த வீடு என்றால் வேறு பார்க்குகள் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதே இல்லை. வாடகை ஏறினால் கட்ட வேண்டும், முடியாவிட்டால் வீட்டை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

எனக்கு வாங்கலாம் என்றுதான் படுகிறது. என் வீட்டுக்காரர், "தலைவலியைக் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறாய்" என்கிறார்.

டல்லாஸ் சேகர்:
உங்க வீட்டுக்காரர் கட்சி நான். ஒளிவுமறைவு இல்லாம சொல்லிடறேன், நண்பர்களோட சேர்ந்து இங்க ரெண்டு பார்க்ல பணம் போட்டிருக்கேன். அதனாலேயே உள்ளே என்ன நடக்கும்னு தெரியும். பார்க்னா வாடகை வாங்குற இடம்னு வெளியிலிருந்து பார்க்கிறவங்களுக்குத் தோணும். நிஜத்துல அது பூமிக்கடியில இருக்கிற பழைய குழாய். 1970கள்ல யாரோ தோண்டிப் புதைச்சது, வரைபடம்கூட இருக்காது. அது வெடிச்சா எங்களுக்குக் கையில பணம் இருக்கு, வங்கி இருக்கு. மாசச் சம்பளத்துல ஓடுற ஐம்பது குடும்பம் என்ன பண்ணும்? முழுக் கடன்ல வாங்கி, கைமுதல் எதுவும் இல்லாம நடத்துறதுக்குப் பேரு நிர்வாகமா?

கோவை லதா:
சேகர் தம்பி, கையில பணம் இருக்கிறவங்க அதைக் குழாய்ல போடுறாங்களா? நான் வீட்டுக்கு வீடு போற நர்ஸ். பத்து வருஷத்துக்கு மேலா பார்க்குகளுக்குள்ள போய்ட்டு வர்றேன். கை மாறின முதல் மாசம் வாசல்ல புது போர்டு வரும், ரெண்டாவது மாசம் வாடகை ஏறும், குப்பைக்குத் தனி பில், தண்ணிக்குத் தனி பில். ரோட்டுல அதே பள்ளம். ஆக்சிஜன் வச்சிருக்கிற ஒரு பாட்டி, ஏறின வாடகைக்காக மண்ணெண்ணெய் ஊத்துறதைக் குறைச்சுக்கிட்டாங்க. இங்க குளிர்ல வீட்டு ஹீட்டர் ஓடுறதே வெளியே நிக்கிற அந்த மண்ணெண்ணெய் டேங்கை நம்பித்தான்.

உங்க தொழில்ல பாடம் நடத்துற ஃபிராங்க் ரோல்ஃப்தானே, பார்க்ங்கிறது வாடிக்கையாளரை மேஜையோட சங்கிலி போட்டுக் கட்டின ஓட்டல் மாதிரின்னு சொன்னவர்?

டல்லாஸ் சேகர்:
அந்த ஒரு வரியை வச்சு எத்தனை வருஷம் அடிப்பீங்க அக்கா? எல்லாரும் அப்படி இல்ல. சரி, வெண்பனி மேடம், கணக்கையே பார்ப்போம். என்ன விலை, இப்ப என்ன வாடகை?

வெண்பனி:
உண்மையான எண்களை இங்கே போடக் கூடாது. கிட்டத்தட்ட இதே சாயலில் ஒரு உதாரணம் தருகிறேன். விலை 35 லட்சம் டாலர், ஐம்பது மனை, மனைக்கு 70,000. முப்பது வருடக் கடன், 6.5 சதவீத வட்டி என்றால் மனைக்கு மாதம் சுமார் 442 டாலர் தவணை. சொத்து வரி, இன்ஷூரன்ஸ், பனி அள்ளுதல், கிணறு, செப்டிக், சேமிப்பு நிதி எல்லாம் சேர்த்து 160 வைத்துக்கொள்ளுங்கள். ஆக 602. இப்போது வாடகை 520.

டல்லாஸ் சேகர்:
பாத்தீங்களா! முதல் மாசமே 82 டாலர் ஏத்தணும். வாடகை ஏறக் கூடாதுன்னுதானே வாங்குறாங்க?

வெண்பனி:
அந்த 35 லட்சத்தைத்தானே சார் வெளிமாநிலக் கம்பெனியும் கொடுக்கிறது? அவர்களுக்கும் தவணை உண்டு, அதற்கு மேல் பங்குதாரருக்கு லாபம் உண்டு. 520இல் அவர்களுக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகும்? வாங்குகிற விலையே நாளைக்கு ஏற்றப்போகும் வாடகையைக் கணக்கில் வைத்துத்தான் போடப்பட்டிருக்கிறது. யார் வாங்கினாலும் முதலில் ஏறும். குடியிருப்போர் கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கினால் ஏற்றியதில் தவணை போக மிச்சம் சேமிப்பு நிதிக்குப் போகும், தவணை அசையாது. பத்து வருடம் கழித்து வரியும் சில்லறைச் செலவும்தான் கூடியிருக்கும்.

இன்னொன்று. கைமுதல் இல்லை என்கிறீர்கள். குடும்பத்துக்குச் சில நூறு டாலர் பங்கு, அவ்வளவுதான், உண்மை. ஆனால் கடன் கூட்டுறவின் பெயரில், நிலம்தான் ஈடு. கடன் கொடுத்தவர்கள் தனி ஆளின் வீட்டில் கை வைக்க முடியாது. வெளியேறும்போது போட்ட பங்குத்தொகை அப்படியே திரும்பும், வளராது. வீட்டை மட்டும் சந்தை விலைக்கு விற்றுக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு இங்கே புதிதும் இல்லை. 1984இல் மெரெடித் என்ற ஊரில் பதின்மூன்று குடும்பம் இப்படித்தான் தொடங்கியது. இன்று இந்தச் சின்ன மாநிலத்தில் மட்டும் 140க்கு மேல் இருக்கின்றன. குடியிருப்போர் இப்படி வாங்க உதவும் ஆர்ஓசி யுஎஸ்ஏ என்ற அமைப்பு 2008இல் வந்தபிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது.

சிராங்கூன் சாமி:
குறுக்கே ஒரு தகவல். எங்க சிங்கப்பூர் அரசாங்கத்தோட முதலீட்டு நிறுவனம் ஜிஐசி 2016ல யெஸ் கம்யூனிட்டிஸ்ங்கிற அமெரிக்க பார்க் கம்பெனியில பெரிய பங்கு வாங்கிச்சு. அரசு வீட்டுல நிம்மதியா இருக்கிற நாங்க, அங்க உள்ளவங்க மனை வாடகையில சம்பாதிச்சோம். வேடிக்கைதான்.

மாசசூசெட்ஸ் மணி:
இங்க எழுதுற யாரும் கூட்டுறவு பார்க்ல குடியிருந்ததில்லைன்னு நினைக்கிறேன். நான் இருந்திருக்கேன். வேலை போனப்ப பழைய ட்ரெய்லர் வீடு ஒண்ணை வாங்கிக் குடியேறினோம், அடுத்த வருஷமே என்னை போர்டுல, அதாவது நிர்வாகக் குழுவுல, உட்கார வச்சுட்டாங்க. படிச்சவன்னு ஒரு நினைப்பு.

வெண்பனி, வாங்குறது சுலபம்மா. கடன் தர்ற அமைப்புக்காரங்க வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க, இன்ஜினியர் அறிக்கை வாங்கித் தருவாங்க, வக்கீல் வருவார், கையெழுத்து அன்னிக்கு கேக் வெட்டுவாங்க. அதுக்கப்புறம் வர்ற செவ்வாய்க்கிழமைகள்தான் கஷ்டம். எங்க போர்டு மீட்டிங் செவ்வாய்க்கிழமை ஒருத்தர் வீட்டு ஹால்ல நடக்கும். ஒருநாள் பாக்கிப் பட்டியலை விரிக்கிறோம். மூணு மாசம் கட்டாத வீடு எனக்கு நேர் எதிர் வீடு. அந்தம்மா பையனும் என் பையனும் ஒரே பஸ்ல பள்ளிக்கூடம் போறவங்க. எவிக்‌ஷன் நோட்டீஸ்ல, அதாவது இடத்தைக் காலி பண்ணச் சொல்றதுல, செயலாளர்னு நான் கையெழுத்துப் போடணும். கம்பெனி போட்டா அது பேர் தெரியாத கையெழுத்து. நான் போட்டா மறுநாள் காலையில பஸ் நிக்கிற இடத்துல முகத்தைப் பார்க்கணும்.

கோவை லதா:
போட்டீங்களா மணி?

மாசசூசெட்ஸ் மணி:
போடல. தவணை முறையில கட்டச் சொன்னோம், கட்டினாங்க. ஆனா அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் நிறுத்தினாங்க. அடுத்த வருஷம் வாடகை வசூல், நோட்டீஸ் எல்லாத்தையும் ஒரு மேனேஜ்மென்ட் கம்பெனிக்குக் கொடுத்துட்டோம். பட்ஜெட், வாடகை எவ்வளவு, விதிகள், இதெல்லாம் மட்டும் எங்க கையில. நிறைய கூட்டுறவு பார்க்குகள் அப்படித்தான் நடத்துறாங்க. ஆளாளுக்குத் துடைப்பத்தைத் தூக்கிட்டு வர்றதுதான் நிர்வாகம்னு நினைக்கிறவங்க முதல் குளிர்காலத்துலயே ஓய்ஞ்சு போவாங்க.

டல்லாஸ் சேகர்:
அப்ப கடைசியில ஒரு கம்பெனிகிட்டதானே வந்து நின்னீங்க, மணி சார்? இதைத்தானே நான் சொல்றேன்.

மாசசூசெட்ஸ் மணி:
இல்ல சேகர். வசூல் சரியா பண்ணலைன்னு அந்தக் கம்பெனியை ரெண்டே வருஷத்துல மாத்தினோம். உங்க பார்க்ல இருக்கிறவங்க உங்களை மாத்த முடியுமா?

பே ஏரியா பாண்டி:
கம்பெனி, கூட்டுறவு ரெண்டு மட்டும்தான் வழின்னு ஏன் பேசுறோம்? கலிபோர்னியாவுல பாலோ ஆல்டோங்கிற ஊர்ல பியூனா விஸ்டா பார்க் மூடப்போற நிலைமைக்கு வந்துச்சு. சுமார் நானூறு பேர், பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள், வருஷக்கணக்கா போராடினாங்க. 2017ல சாண்டா கிளாரா கவுன்டி (மாவட்டம் மாதிரி) வீட்டுவசதி ஆணையம் சுமார் 4 கோடி டாலருக்கு வாங்கிடுச்சு. நகராட்சி, கவுன்டி ரெண்டும் பணம் போட்டுச்சு. அந்த ஊர் நிலவிலைக்கு எந்தக் கூட்டுறவு கடன் வாங்கி வாங்க முடியும்? முடியவே முடியாது. அரசு வாங்கட்டும், மக்கள் நிம்மதியா இருக்கட்டும்.

கோவை லதா:
வாங்கினது நல்லது, மறுக்கல. ஆனா அதுக்கப்புறம் ஒரு பகுதியில அடுக்குமாடி கட்டுறோம்னு ஆணையம் திட்டம் போட்டப்ப, சொந்த வீடு வச்சிருந்தவங்க பலர் வாடகைக்காரரா ஆகணுமான்னு கேட்டாங்களே. உரிமையாளர் நல்லவரா கெட்டவராங்கிறது ஒரு பக்கம். முடிவு எடுக்கிற மேஜையில நமக்கு ஓட்டு இருக்காங்கிறது இன்னொரு பக்கம்.

டல்லாஸ் சேகர்:
அக்கா, ஓட்டுன்னு சொல்றீங்க. அதே ஓட்டுதான் என் பயம். வாடகை ஏத்தணும்னு தீர்மானம் வந்தா கட்டப்போறவங்களே கை தூக்கணும். எந்த ஊர்லயாவது தன் தலையில தானே பாரம் ஏத்துறதுக்கு ஆள் இருக்கா? தள்ளிப் போடுவாங்க, சேமிப்பு நிதி காலி, அப்புறம் செப்டிக் போகும்.

இன்னும் ஒண்ணு. விற்கிறதுக்கு நோட்டீஸ், காத்திருப்புன்னு சட்டம் மேல சட்டம் போட்டா, உரிமையாளர் எவனும் பார்க் வச்சிருக்க மாட்டான். இடிச்சுட்டுக் கிடங்கு கட்டுவான். புது பார்க் கட்ட எந்த ஊராட்சியும் லேசுல அனுமதி தர்றதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

வெண்பனி:
கடைசி வரிதான் சார் என் பக்கத்து வாதம். புதிது கட்ட லேசில் விடமாட்டார்கள், அதனால் இருப்பதைப் பிடித்துக்கொண்டே ஆக வேண்டும். நோட்டீஸ் சட்டத்தோடு இந்த மாநிலத்தில் முப்பது வருடத்துக்கும் மேலாக உரிமையாளர்கள் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கூட்டுறவும் சந்தை விலைதான் தருகிறது, யாரும் தர்மத்துக்குக் கேட்கவில்லை.

ஓட்டு பற்றிச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மணி அண்ணா, உங்கள் இடத்தில் வாடகை ஏற்றினீர்களா?

மாசசூசெட்ஸ் மணி:
வருஷா வருஷம் பத்துப் பதினைஞ்சு டாலர். சத்தம் வரும். பம்ப் ஹவுஸுக்கு எல்லாரையும் கூட்டிட்டுப் போய் துருப்பிடிச்ச பிரஷர் டேங்கைக் காட்டினோம், அந்த வருஷம் மட்டும் சத்தமில்லாம நிறைவேறிச்சு. கடன் கொடுத்தவங்களும் சும்மா விடமாட்டாங்க. சேமிப்பு நிதிக்கு இவ்வளவு போட்டே ஆகணும்னு பத்திரத்துலயே எழுதியிருக்கும். தலையில பாரம் ஏத்திக்க ஆள் இல்லன்னு சேகர் சொல்றதுக்கு அதுதான் பதில், மக்களோட நல்ல மனசு இல்ல.

வெண்பனி, உங்க பார்க்ல சொந்தக் கிணறுதானே? ஐம்பது வீடுன்னா சட்டப்படி அது பொதுக் குடிநீர் அமைப்பு. லைசென்ஸ் உள்ள ஆபரேட்டர் வேணும், தண்ணியைத் தவறாம சோதிக்கணும். அந்தச் செலவு உங்க 160க்குள்ள இருக்கா?

வெண்பனி:
கிணறு என்று ஒரே வரியாகத்தான் பட்ஜெட்டில் போட்டிருக்கிறார்கள். ஆபரேட்டர் சம்பளம் தனியாக இல்லை. வியாழக்கிழமைக் கூட்டத்தில் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். மனைக்கு மேலும் பத்து டாலர் ஏறலாம்.

பே ஏரியா பாண்டி:
612 டாலர்னு போய்ச் சொன்னா பாதிப் பேர் எழுந்து போயிடுவாங்க.

கோவை லதா:
போகட்டும். போய் எங்க 520க்கு மனை தேடுவாங்கன்னு கேளுங்க.

டல்லாஸ் சேகர்:
நான் இன்னும் எதிர்க்கட்சிதான். ஆனா வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டா ஏமாந்து வாங்காதீங்க. பம்ப் மோட்டாரோட கரண்ட் பில்லை மூணு வருஷத்துக்கு விற்கிறவர்கிட்ட கேளுங்க. வீடு அதே ஐம்பது, பில் மட்டும் ஏறிக்கிட்டே போகுதுன்னா, தண்ணி எங்கேயோ பூமிக்குள்ள ஒழுகுதுன்னு அர்த்தம். நாங்க விலையைக் குறைக்கிறது அப்படித்தான். பில் தர இழுத்தடிச்சாலும் குறைச்சுக் கேளுங்க.