கடனைப் பாதியாக்கித் தருவதாகச் சொல்லும் கம்பெனி: எதை வைத்து நம்புவது?

கோத்தகிரி_பச்சைஇலை:
வணக்கம். பர்சனல் லோன் பாக்கி 3,20,000. இரண்டு கிரெடிட் கார்டில் சேர்த்து 1,40,000. இரண்டு மாத டியூ நிற்கிறது. வருமானம் தேயிலை விற்கிற காசு மட்டும். ஒரு கம்பெனி போனில் சொன்ன கண்டிஷன் இது: பதிவுக் கட்டணம் 5,000, ஜிஎஸ்டி தனி. பேங்குக்கு டியூ கட்டுவதை நிறுத்திவிட்டு மாதம் 6,000 அவர்கள் கணக்கில் போட வேண்டும். 18 மாதத்தில் பாதித் தொகைக்குக் கடனை முடித்துத் தருவார்களாம். அவர்கள் கட்டணம் மொத்தக் கடனில் 15 சதவீதம். முத்திரைத்தாளில் பவர் எழுதித் தரவும் கேட்கிறார்கள். இந்த மாதிரி இடத்தில் நல்லது கெட்டது எப்படிப் பார்ப்பது?

குன்னூர்_கணக்கு:
அவர்கள் சொன்ன எண்களையே கூட்டிப் பாருங்க. 18 மாதம் 6,000 என்றால் 1,08,000. கடனில் பாதி 2,30,000. அவர்கள் கட்டணம் 69,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 12,420, பதிவுக்கு 5,900. ஆக உங்களுக்கு வேண்டியது 3,17,320. சேர்வது அதில் மூன்றில் ஒரு பங்கு. மீதி எங்கிருந்து வரும் என்று கேளுங்க. நேரான பதில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

பாக்கியும் அந்த 18 மாதம் சும்மா நிற்காது. கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றால் 1,40,000 என்பது 2,60,000-ஐத் தொட்டுவிடும். டியூ 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். ஆட்டோ டெபிட் (டியூவை உங்கள் கணக்கிலிருந்து தானாக எடுப்பது) பணம் இல்லாமல் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அபராதம். செக் திரும்பினால் வருகிற மாதிரியே ஆட்டோ டெபிட் திரும்பினாலும் குற்ற வழக்கு வரலாம், 2007-ஆம் ஆண்டு பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தில் 25-ஆம் பிரிவு. "டியூ கட்டாதீங்க" என்று சொல்கிற யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

படுகு_வக்கீல்குமாஸ்தா:
"ரிசர்வ் வங்கி அங்கீகாரம் பெற்றது" என்று சொன்னால் அது பொய். கடன் தீர்க்கும் கம்பெனிக்கு ரிசர்வ் வங்கி லைசென்ஸ் என்று ஒன்றே கிடையாது. கட்டணம் வாங்கிக்கொண்டு "கடன் தள்ளுபடிச் சான்றிதழ்" தருகிறவர்களைப் பற்றி 2023 டிசம்பர் 11 அன்று ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

நான் பார்ப்பது முக்கியமாகப் பணம் போகிற வழியை. சேர்க்கிற பணம் உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்தில் மட்டும் எடுக்கிற கணக்கில் இருக்க வேண்டும். பேங்கின் செட்டில்மென்ட் லெட்டர், அதாவது குறைத்த தொகைக்குக் கடனை முடிக்க பேங்க் ஒப்புகிற கடிதம், கைக்கு வந்த பிறகுதான் கட்டணம். பாதியில் விலகினால் என்ன திரும்பும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பவர் (உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) தராதீங்க, உங்கள் சார்பில் பேச அனுமதி என்று ஒரு கடிதம் போதும். ஒப்புக்கொள்கிற, கையெழுத்துப் போடுகிற அதிகாரம் அதில் இருக்கக் கூடாது. வெற்றுச் செக், ஓடிபி, நெட்பேங்கிங் பாஸ்வேர்டு கேட்டால் பேச்சே வேண்டாம்.

"எங்களிடம் வக்கீல் இருக்கிறார்" என்றால் பார் கவுன்சில் பதிவு எண் கேளுங்க. வழக்கின் முடிவைப் பொறுத்து வக்கீல் பீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது.

கோத்தகிரி_பச்சைஇலை:
கணக்கு இப்போதுதான் புரிகிறது, நன்றிங்க. அப்படியென்றால் பேங்கிடம் நேரே போனால் என்ன கேட்பது?

ஊட்டி_முன்னோடி:
90 நாள் ஆவதற்குள் போங்க. அதுவரை நீங்கள் கேட்க வேண்டியது செட்டில்மென்ட் அல்ல, தவணைக் கால நீட்டிப்பும், கார்டு பாக்கியைக் குறைந்த வட்டி மாதத் தவணையாக மாற்றுவதும். கடிதத்தில் அசல், வட்டி, அபராதம் தனித்தனியாகக் கணக்குக் கேளுங்க. இலை கொடுக்கிற ஃபேக்டரியின் கடந்த 12 மாதச் சீட்டுகளை இணையுங்க. மாதம் எவ்வளவு முடியும் என்று ஒரே ஒரு எண் எழுதுங்க. பனிக்காலத்தில் இலை குறையும், அதனால் ஜனவரி, பிப்ரவரித் தவணையைச் சிறியதாகக் கேளுங்க. பின்னால் செட்டில்மென்ட்டுக்குப் போனால் இதைக் கவனிக்காமல்தான் பலரும் மாட்டுகிறார்கள்: செட்டில்மென்ட்டில் ஒரு தவணை தவறினால் பல பேங்குகளில் சலுகையே ரத்து, கட்டிய பணம் பழைய பாக்கியில் வரவு வைக்கப்படும்.

கடிதத்துக்கு முத்திரையிட்ட நகல் வாங்குங்க. கணக்கு தராதது, தப்பான கட்டணம், காலை 8-க்கு முன்போ இரவு 7-க்குப் பின்போ வசூல் போன் வருவது, இவற்றுக்கு 30 நாளில் பேங்கிடம் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (பேங்க் மீதான புகாரை விசாரிக்கிறவர்) இலவசமாகப் புகார் தரலாம், தொலைபேசி 14448. செட்டில்மென்ட் தரவில்லை என்பதற்கு அங்கே போக முடியாது. அதற்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, 15100. வழக்கு வருமுன்பே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பேங்கை அழைத்துப் பேசலாம், கட்டணம் இல்லை. ஆனால் அங்கே போட்ட கையெழுத்துக்கு அப்பீல் கிடையாது, கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் ஒப்புங்க.

குன்னூர்_கணக்கு:
மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்குங்க. செட்டில்மென்ட் லெட்டரில் லோன் எண், தொகை, கடைசித் தேதி, "முழுமையும் இறுதியுமாக" என்ற சொல், பொறுப்பான அதிகாரியின் கையெழுத்து இருக்கணும். பணத்தை லோன் கணக்கில் மட்டும் கட்டுங்க, வசூல்காரர் கையில் கொடுக்காதீங்க. சிபிலில், அதாவது உங்கள் கடன் வரலாற்றுப் பதிவில், "குளோஸ்டு" (முழுதும் கட்டி முடித்தது) என்று வராது, "செட்டில்டு" என்றுதான் விழும். விவசாயக் கடன் தவிர மற்றதுக்கு அதே பேங்க் குறைந்தது 12 மாதம் புதுக் கடன் தராது. நோ டியூ சான்று வாங்கி ஒரு மாதம் கழித்து இலவச சிபில் ரிப்போர்ட் எடுத்துப் பாருங்க. பாக்கி பூஜ்யம் ஆகாமல் இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்க. 30 நாளுக்கு மேல் இழுத்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேரும்.