இணையத்தில் மட்டும் பெயருக்குப் பின்னால் சாதி ஏன்?

அஸ்தம்பட்டி ஆசிரியர்:
சேலத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வருகைப் பதிவேட்டில் தந்தையின் முதலெழுத்தோடு மட்டும் இருக்கும் மாணவர்கள் சிலர், இன்ஸ்டாகிராமில் பெயருக்குப் பின்னால் சாதிப் பெயரைச் சேர்த்து, அதற்குரிய கொடியின் நிறத்தையும் முகப்புப் படத்தில் வைத்திருக்கிறார்கள். மதியம் ஒரே டிபன் பாக்ஸில் கைவைத்துச் சாப்பிடுகிறவர்கள்தாம் இவர்கள். சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. 1944-இல் திராவிடர் கழகம் என்ற பெயர் பிறந்தது நம் சேலத்தில்தான். தாத்தாக்கள் விட்டதைப் பேரன்கள் தேடி எடுப்பது ஏன்? உள்ளே இருந்தது வெளியே வருகிறதா, இணையமே உண்டாக்குகிறதா?

செவ்வாய்ப்பேட்டை வாசகர்:
ஃபேஸ்புக் வந்த புதிதில் பழியைப் படிவத்தின்மேல் போட்டோம். கடைசிப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் கணக்குத் தொடங்க முடியாததால், அப்பா பெயரை எழுதினோம். சிலர் வேறொன்றை எழுதினார்கள். இன்ஸ்டாகிராமில் பெயருக்கு ஒரே கட்டம்தான், அங்கே யாரும் வற்புறுத்துவதில்லை. ஆகவே காரணம் பார்வையாளர்கள் என்றே நினைக்கிறேன். நம் தெருவில் ஒருவன் யார் மகன் என்பது எல்லோருக்கும் தெரியும். முன்பின் அறியாத ஆயிரம் பேர் நடுவில் அவன் யாருமில்லை. ஒரு சொல்லைச் சேர்த்தால் உடனே நூறு 'பங்காளிகள்' கிடைக்கிறார்கள். அவர்களுடைய விருப்பக்குறிகளைக் கண்ட செயலி அதே வகைக் காணொளிகளையே மேலும் மேலும் காட்டுவதால், விளையாட்டாகப் போட்ட வேடம் ஆறு மாதத்தில் தோலாகிவிடுகிறது.

ஏற்காட்டுக்காரன்:
ஐயா, நான் சேர்வராயன் மலையில் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவன். கீழே விடுதியில் தங்கிப் படித்தபோது, ஊர்ப் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். இணையத்தில் புனைபெயரில் காப்பிப் பூ, மிளகுக்கொடி, மூடுபனி என்று படங்கள் போட்டேன். கோடைமழைக்குப் பின் தோட்டம் முழுவதும் வெள்ளையாகப் பூத்திருந்த படத்தின் கீழே முகமறியாதவர்கள் லென்ஸைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் மட்டுமே நெடுநேரம் பேசினார்கள். அந்த மரியாதை எனக்குப் புதிது. எனவே இணையம் சாதியை வளர்க்கிறது என்று மொத்தமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: காட்டினால் லாபம் உள்ளவர்கள் காட்டுகிறார்கள், காட்டினால் நட்டப்படுகிறவர்கள் மறைக்கிறார்கள். உங்கள் வகுப்பில் பெயரோடு எதையும் சேர்க்காத மாணவர்களிடமும் ஏன் என்று கேளுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை:
மனிதர் ஆளுக்கேற்ற முகம் காட்டுவது புதிதன்று. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1950-களிலேயே இதை மேடையோடு ஒப்பிட்டு விளக்கினார். இன்றைக்குச் சித்தப்பாவும் வகுப்புத் தோழனும் நாளை வேலை தரப்போகிறவரும் ஒரே மேடையின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் பலர் இரண்டு கணக்குகள் வைத்திருப்பது அதனால்தான். நீங்கள் பார்த்தது எந்தக் கணக்கு, தம்பி? ஊர்ச் சொந்தங்களுக்கானதா, நண்பர்களுக்கானதா என்பதை வகுப்பில் எல்லோர் முன்னும் கேட்டுவிடாதீர்கள். தனியாகக் கேட்டால் சொல்லுவார்கள்.