இன்சூரன்ஸ் பட்டறையில் சரிசெய்த கார் இடது பக்கம் இழுக்கிறது, பில்லில் உள்ள பார்ட் வண்டியில் இல்லை. யாரிடம் கேட்பது?

தாம்பரம்வாசி:

வணக்கம். என் வண்டி 2021 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், பம்பர் டு பம்பர் (பார்ட்ஸுக்குத் தேய்மானம் கழிக்காத) பாலிசி. மேடவாக்கம் சிக்னலில் ஒரு வேன் முன்பக்க இடது மூலையில் மோதிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் செய்ததும் அவர்களே டோயிங் வண்டி அனுப்பி, தங்கள் கேஷ்லெஸ் (பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டும்) பட்டியலில் இருக்கும் ஒரு தனியார் பட்டறையில் விட்டார்கள். பட்டறையை நான் தேர்ந்தெடுக்கவில்லை. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்தார், அப்ரூவல் ஆனது, வண்டியும் கைக்கு வந்தது.

இப்போது ஸ்டியரிங்கை விட்டால் வண்டி இடது பக்கம் போகிறது. நேராக ஓட்டும்போதும் ஸ்டியரிங் கோணலாகத்தான் நிற்கிறது. இடது ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. ஃபெண்டரில் அடித்த வெள்ளை, கதவின் வெள்ளையோடு ஒட்டவில்லை.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறு. பில்லில் "லோயர் ஆர்ம் இடது, புதியது" என்று இருக்கிறது (சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் பார்ட் அது). சக்கரத்தை வலது பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆர்ம் முழுக்கத் துரு, ரப்பர் புஷ் ஓரத்தில் காய்ந்து கெட்டியான பழைய சேறு. வலது பக்க ஆர்மும் அச்சு அசல் அப்படியேதான் இருக்கிறது.

பட்டறை அட்வைசர் "ஓட ஓட செட் ஆயிடும் சார்" என்கிறார். கம்பெனியோ "பில் செட்டில் பண்ணியாச்சு, இனி பட்டறையிடம் பேசுங்கள்" என்கிறது. சாவி தரும் முன் திருப்திக் கடிதத்தில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, இந்த வண்டியில் ஏற்றவே மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

வேளச்சேரி ரைடர்:

கேஷ்லெஸ் என்றாலே இப்படித்தான் ப்ரோ. அலைய வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து ஆர்மை மாற்றிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

பட்டறைக்காரன்_கோவை:

தம்பி, தயவுசெய்து அதைச் செய்யாதீங்க. இப்போது உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பழைய ஆர்ம்தான். அதைக் கழற்றிவிட்டால் அப்புறம் யாரும் நம்ப மாட்டார்கள். வண்டியை ஓரமாக நிறுத்துங்கள், ஹைவேஸ் பக்கம் எடுத்துப் போகாதீர்கள்.

நான் டிங்கரிங் வேலையில் இருக்கிறேன். உங்கள் வண்டியின் கம்பெனி சர்வீஸ் சென்டரில் காசு கட்டி, கம்ப்யூட்டர் வீல் அலைன்மென்ட் எடுத்து அச்சிட்ட ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். சரிசெய்ய வேண்டாம், அளவு மட்டும் போதும் என்று சொல்லுங்கள். அதில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு), கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு), காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சின் சாய்வு) என்று இரண்டு பக்கத்துக்கும் எண்கள் இருக்கும். இந்த மாதிரிச் சின்ன வண்டிகள் பலவற்றில் முன்சக்கரத்துக்கு டோவை மட்டும்தான் திருகிச் சரிசெய்ய முடியும். கேம்பருக்குத் திருகவே இடம் கிடையாது. அதனால் இடது கேம்பர் வலதை விட நன்றாக விலகியிருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது என்று அர்த்தம்: ஆர்ம், ஸ்ட்ரட், நக்கிள், இல்லை அதைத் தாங்கும் கிராஸ் மெம்பர். அது ஓட ஓட செட் ஆகாது, டயரின் ஒரு ஓரத்தைத்தான் தின்னும்.

ஹெட்லைட்டில் லேசாக ஆவி படிந்து, லைட் போட்டுக் கொஞ்ச நேரத்தில் போனால் பயமில்லை. தண்ணீர் முத்தாக நிற்கிறது என்றால் சீல் போயிருக்கிறது, அல்லது கூட்டில் விரிசல். பானெட்டைத் தூக்கி ஹெட்லைட்டின் மேல் காதை (அதைப் பிடித்து மாட்டும் பிளாஸ்டிக் நீட்டலை) பாருங்கள். உடைந்த காதைக் கேபிள் டை போட்டுக் கட்டி அனுப்புவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஃபெண்டர் "புதியது" என்று பில்லில் இருந்தால் ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். புதுத் தகடு என்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பிடிக்கும். பழையதைத் தட்டிப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) போட்டிருந்தால் அந்த இடத்தில் பிடிப்பு தளரும். பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டர் யாரிடமாவது இருந்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 100 மைக்ரான் சுற்றுவட்டத்தில் இருக்கும், பட்டி போட்ட இடம் பல மடங்கு காட்டும்.

முன்னாள்_சர்வேயர்:

மோட்டார் சர்வேயில் பல வருடம் இருந்தவன். கம்பெனி சொன்ன பதில் தவறு. பாலிசி வாசகத்தை எடுத்துப் படியுங்கள். சேதத்தைத் தானே சரிசெய்து தருவதா, மாற்றித் தருவதா, பணமாகக் கொடுப்பதா என்ற தேர்வு கம்பெனியுடையது என்று அதில் இருக்கும். பட்டறையையும் அவர்களே காட்டி, பணத்தையும் நேராக அங்கேயே கட்டிவிட்டு, வேலை சரியில்லை என்றதும் விலகிக்கொள்ள முடியாது.

முதலில் சர்வே ரிப்போர்ட்டின் நகலை மெயிலில் கேளுங்கள். கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. அதில் எந்தப் பார்ட் மாற்ற வேண்டும், எது ரிப்பேர், பெயின்டுக்கு எவ்வளவு என்று வரி வரியாக இருக்கும். அதையும் பட்டறையின் இறுதி பில்லையும் அருகருகே வைத்து, வண்டியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். வேலை முடிந்தபின் ரீஇன்ஸ்பெக்ஷன் (மறு ஆய்வு) நடந்ததா, கழற்றிய பழைய பார்ட்ஸை யார் பார்த்தார்கள் என்றும் கேளுங்கள். பழைய பார்ட்ஸ் சால்வேஜாக (கழித்த பொருளாக) இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சேரும், அதனால் பட்டறை கணக்குக் காட்டியே ஆக வேண்டும்.

சாதாரணப் பாலிசியில் மூன்றிலிருந்து நான்கு வருட வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 25 சதவீதமும், பிளாஸ்டிக், ரப்பருக்கு 50 சதவீதமும் தேய்மானம் கழிப்பார்கள். உங்களுடையது பம்பர் டு பம்பர், ஆர்முக்கு முழு விலையும் போயிருக்கும். மாட்டாத பார்ட்டுக்குப் பணம் வாங்கியிருந்தால் ஏமாந்தது கம்பெனியும்தான். மெயிலில் இதை முதல் வரியாக எழுதுங்கள், உடனே ஆள் வரும். இந்த க்ளெய்மால் உங்கள் நோ க்ளெய்ம் போனஸும் (க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) போயிருக்கிறது, ஆகவே சும்மா கிடைத்த வேலை என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

கால் சென்டரில் பேசுவது வீண். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள், முகவரி பாலிசியிலேயே இருக்கும். இரண்டு வாரத்தில் தீர்வு சொல்ல வேண்டும். இல்லையென்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ நடத்தும் பீமா பரோசா புகார் தளத்தில் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். எழுதிக் கொடுத்து ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவர்) போகலாம். சென்னையில் தேனாம்பேட்டையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை விசாரிப்பார்கள். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

தாம்பரம்வாசி:

மிக்க நன்றி சார், நன்றி அண்ணா. கையெழுத்துப் போட்ட அந்தத் திருப்திக் கடிதம் பிரச்சினை ஆகாதா?

நுகர்வோர்_தோழி:

டிஸ்சார்ஜ் வவுச்சரில் (க்ளெய்ம் தீர்ந்தது என்று எழுதித் தரும் ரசீதில்) கையெழுத்து வாங்கியதை மட்டும் காட்டி, கூடுதலாகக் கேட்கும் உரிமையைப் பறிக்கக் கூடாது என்று ஐஆர்டிஏஐ 2015-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. உங்கள் விஷயத்தில் அதைவிட எளிய பதில் உண்டு. வண்டிக்கு அடியில் இருக்கும் ஆர்மை டெலிவரி நேரத்தில் நின்றபடி யாராலும் பார்க்க முடியாது. அதை அப்படியே எழுதுங்கள்.

இன்னொன்று. ஓம்பட்ஸ்மேன் கம்பெனி மீதான புகாரைத்தான் கேட்பார், பட்டறையை அங்கே இழுக்க முடியாது. இருவரையும் சேர்த்து நிறுத்த வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடத்துக்குள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஆணையத்தில் வழக்கு இருக்கும்போது அதே விஷயத்தை ஓம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார், அதனால் எது முதலில் என்று யோசித்து முடிவு செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் கூப்பிட்டால் தமிழிலேயே வழி சொல்வார்கள்.

தாம்பரம்வாசி:

அப்டேட். அலைன்மென்ட் ரிப்போர்ட்டில் டோ இரண்டு பக்கமும் சரி, இடது கேம்பர் மட்டும் சிவப்பு (அளவுக்கு வெளியே). ஹெட்லைட் காதில் அண்ணா சொன்ன அதே கேபிள் டை! காந்தம் ஃபெண்டரில் ஒழுங்காகப் பிடித்தது, அது புதுசுதான். போட்டோக்களோடு குறைதீர் அதிகாரிக்கு எழுதியதும் வேறு சர்வேயர் ஒருவரை அனுப்பினார்கள். அவர் படுத்துப் பார்த்துவிட்டு, ஆர்ம் மாற்றப்படவில்லை என்று எழுத்தில் கொடுத்தார். ஆர்மையும் ஹெட்லைட்டையும் கார் கம்பெனி சர்வீஸ் சென்டரில், இன்சூரன்ஸ் கம்பெனி செலவில் மாற்றித் தருவார்கள். பெயின்டுக்கு மட்டும் பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பட்டறைக்காரன்_கோவை:

ரொம்ப சந்தோஷம் தம்பி. பாலிஷ் போட்டால் பளபளப்பு வரும், நிறம் மாறாது. வண்டியின் பெயின்ட் நிற எண்ணைப் பார்த்துக் கலந்து, பக்கத்துக் கதவு வரைக்கும் மெல்ல இறக்கி அடித்தால்தான் வித்தியாசம் மறையும். ஆனால் பெயின்டுக்காக ஆர்மைத் தள்ளிப்போடாதீர்கள். மெக்கானிக்கல் வேலையை முடித்து, புது அலைன்மென்ட் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போடும் இடத்தில் "பெயின்ட் வேலை நீங்கலாக" என்று பேனாவால் எழுதுங்கள். வண்டியைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், பட்டறை டியூப் லைட்டில் எல்லா வெள்ளையும் ஒன்றாகத்தான் தெரியும்.

தாம்பரம்வாசி:

சரி அண்ணா, திங்கட்கிழமை வண்டியை விடுகிறேன். பழைய ஆர்மை என் கண் முன்னால்தான் கழற்ற வேண்டும் என்று சர்வீஸ் மேனேஜரிடம் சொல்லி, ஜாப் கார்டிலும் எழுத வைத்துவிட்டேன். பெயின்டுக்குத் தனியாக ஒரு மெயில் இன்றிரவே போகிறது.